இரவல் நிலத்தில் பனித்தடம்

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் இருக்கிறது மேய்ன் மாநிலம். பரப்பில் தமிழ்நாட்டின் முக்கால் பங்குகூட இல்லை. மக்கள்தொகை சுமார் 14 லட்சம். நிலத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு காடு. டிசம்பர் கடைசியில் பனி இறுகியதும் அந்தக் காட்டுக்குள் பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகளுக்கான தடங்கள் விரிகின்றன. மொத்த நீளம் ஏறத்தாழ 14,000 மைல். உறைந்த ஏரியின் மேலும், உருளைக்கிழங்கு வயலின் மேலும், மரக் கம்பெனிகளின் காட்டுப் பாதைகளிலும், கைவிட்ட ரயில் பாதைகளிலும் ஊருக்கு ஊர் தொட்டுக்கொண்டு அவை கனடா எல்லைவரை போகின்றன. மார்ச் முடிவதற்குள் எல்லாம் உருகிவிடும். இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில்தான் ஜாக்மன், ரேஞ்ச்லி, மில்லினாக்கெட், ஃபோர்ட் கென்ட் போன்ற சிற்றூர்களின் விடுதிக்காரரும் உணவகக்காரரும் பெட்ரோல் பங்க்காரரும் குளிர்காலத்துக்கான பணத்தைப் பார்த்தாக வேண்டும்.

இந்தத் தடங்களில் ஒரு கசப்பு ஊறிக் கிடக்கிறது. ஓட்டுகிறவர்களுக்கும் அவர்களை நிறுத்திச் சோதிக்கும் மாநில வனவிலங்குக் காவலர்களான வார்டன்களுக்கும் இடையிலான கசப்பு அது. வார இறுதியில் குடும்பத்தோடு கிளம்பியவரை வளைவு தாண்டியதும் வார்டன் கைகாட்டி நிறுத்துகிறார். பதிவு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, சைலன்சர் கம்பெனி போட்டதுதானா, மூச்சில் சாராய வாடை வருகிறதா என்று பார்க்கிறார். பத்து வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. குழந்தைக்குக் கால் விறைக்கிறது. ஸ்டிக்கரை வீட்டிலேயே விட்டு வந்தவருக்கு அபராதச் சீட்டு கிடைக்கிறது. அதே காலையில் ஏரிக்கரை வீடுகளின் ஜன்னல் அதிர அலறிக்கொண்டு போனவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. “பதிவுக் கட்டணம் கட்டுகிறோம், கிளப்பில் சந்தா கட்டுகிறோம், விடுமுறை நாளில் வந்து தடத்துக்குப் பாலமும் அடிக்கிறோம். எங்களையே ஏன் குற்றவாளிபோலப் பார்க்கிறார்கள்?” என்பது ஓட்டுகிறவர்கள் தரப்பு. இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இது முழுக் கதை இல்லை. தடம் யாருடைய நிலத்தில் போகிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் மீதியும் புரியும்.

மேய்னின் ஸ்னோமொபைல் தடங்களில் ஏறத்தாழ 95 சதவீதம் தனியார் நிலத்தில் போகிறது. அரசு கையகப்படுத்திப் போட்ட பாதை இல்லை அது. விவசாயியும், மரக் கம்பெனியும், பின்கட்டில் இருபது ஏக்கர் காடு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் “சரி, போய்க்கொள்ளுங்கள்” என்று சொன்னதால் உண்டானது. பெரும்பாலோர் அதற்கு வாடகை வாங்குவதில்லை. தடுப்புப் பலகை வைக்காத நிலத்தில் அடுத்தவர் நடக்கலாம், வேட்டையாடலாம் என்பது அந்த மண்ணின் பழைய வழக்கம். பத்து ஏக்கருக்கு மேற்பட்ட இயற்கை ஏரிகள் பொதுவுடைமை என்னும் விதிக்கு 17ஆம் நூற்றாண்டுக் குடியேற்றச் சட்டம்தான் வேர். இலவசமாக இடம் விடுகிறவர் மீது விபத்து வழக்கு வந்து விழாமல் மாநிலச் சட்டம் பாதுகாப்பும் தருகிறது. ஆனால் எந்தச் சட்டமும் அவரை இடம் விடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு நாள் காலையில் அவர் எழுந்து சங்கிலியைக் குறுக்கே கட்டினால் தடம் அங்கேயே முடிந்தது.

அது எப்படி இருக்கும் என்று மேய்ன் மக்கள் பார்த்தும் இருக்கிறார்கள். பர்ட்ஸ் பீஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராக்சேன் குவிம்பி, 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் கட்டாடின் மலையை ஒட்டிய காடுகளை ஆயிரக்கணக்கான ஏக்கராக வாங்கினார். அங்கே வேட்டையையும் ஸ்னோமொபைலையும் நிறுத்தினார். தாத்தா காலத்திலிருந்து போய்வந்த காடு மூடப்பட்டதில் மில்லினாக்கெட் பக்கத்து மக்களுக்கு உண்டான கோபம் பல ஆண்டுகள் தணியவில்லை. பின்னர் அந்தக் குடும்பத்தின் அறக்கட்டளை கொடுத்த சுமார் 87,500 ஏக்கர் நிலத்தை 2016 ஆகஸ்டில் அதிபர் ஒபாமா தேசிய நினைவிடமாக அறிவித்தார். இப்போது அதில் குறிப்பிட்ட சில தடங்களில் ஸ்னோமொபைல் போகலாம். குவிம்பி செய்தது சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. உரிமையாளர் மாறினால் தடமும் மாறும் என்பதை அந்த வட்டாரம் அப்போதே தெரிந்துகொண்டது. காகித ஆலைகள் மூடி, பெருங்காடுகள் கைமாறிக்கொண்டே இருக்கும் மாநிலத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

சங்கிலி கட்டும் உரிமையாளர்கள் எல்லோரும் கொள்கைக்காகக் கட்டுகிறவர்கள் அல்லர். தடத்தைவிட்டு விலகி ஒரு கூட்டம் இளங்கன்றுகள் நட்ட பகுதியில் வட்டமடித்திருக்கும். பனிக்கு மேலே விரல் நீளம் எட்டிப் பார்க்கும் ஸ்ப்ரூஸ் கன்றின் நுனி ஒடிந்தால் அந்த மரம் நேராக வளராது. அந்த இழப்பு முப்பது நாற்பது ஆண்டு கழித்து மரத்தின் விலையில் தெரியும். வயல்காரருக்குப் பனிக்கு அடியில் குளிர்காலத் தானியமோ தீவனப் புல்லோ இருக்கும்; வண்டி அழுத்திய இடத்தில் பனி ஐஸாக இறுகிப் பயிர் மூச்சு முட்டிச் சாகும். இன்னொருவருக்கு இரவு ஒரு மணிக்குத் தூக்கம் கெட்டிருக்கும். இவர்கள் யாரும் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. கிளப் தலைவருக்கு ஒரு போன் செய்து, “அடுத்த வருஷம் வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறவர்கள் கயிற்றையும் வாளியையும் பத்திரமாக வைத்துவிட்டு வருவதுபோல நடக்க வேண்டிய இடம் இது. பத்தில் ஒன்பது பேர் அப்படித்தான் நடக்கிறார்கள் என்று நம்புகிறேன். ஆனால் நில உரிமையாளரின் நினைவில் நிற்பது அந்தப் பத்தாவது ஆள்.

அந்தப் பத்தாவது ஆளைத் தேடித்தான் வார்டன் காட்டில் நிற்கிறார். மேய்ன் வார்டன் பணியின் தொடக்கம் 1880. மூஸ் எனப்படும் பெரிய மானையும் மற்ற மான்களையும் கள்ள வேட்டையிலிருந்து காக்க ஏற்பட்ட வேலை. இன்று மாநிலம் முழுவதற்கும் சுமார் 120 வார்டன்கள்தான். மீன்பிடிப்பு, வேட்டை, படகு, நான்கு சக்கரக் காட்டு வண்டி, ஸ்னோமொபைல் எல்லாம் அவர்கள் தலையில். காட்டில் யாராவது காணாமல் போனால் தேடலுக்குத் தலைமை ஏற்பதும், மெல்லிய ஐஸ் உடைந்து ஏரிக்குள் போனவரைத் தேடி முக்குளிப்பதும் அவர்களே. மரத்தில் மோதி இறந்தவரின் வீட்டுக் கதவை இரவில் தட்டிச் செய்தி சொல்லும் வேலையும் பல நேரம் அவர்களுக்கே வந்து சேர்கிறது. நிறுத்திச் சோதிக்கும்போது அவர்கள் முகத்தில் சிரிப்பு இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காரணம் இருப்பதால் குறை இல்லை என்று ஆகிவிடாது. ஓட்டுகிறவர்களின் எரிச்சலில் மிக வலுவான பகுதி வேக விதியைப் பற்றியது. மேய்னில் தடத்துக்கு எண்ணால் குறித்த பொது வேக வரம்பு கிடையாது. சூழ்நிலைக்குப் பொருத்தமான, நிதானமான வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பதே சட்டம். பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் தட வேக வரம்பு மணிக்கு 45 மைல். எல்லைக்கு அப்பால் கியூபெக்கில் 70 கிலோமீட்டர். அங்கிருந்து வருகிறவருக்கு மேய்ன் ஒரு திறந்த வெளியாகத் தோன்றுகிறது. பிறகு ஒரு வளைவில் நிறுத்தப்பட்டு, “இந்த இடத்துக்கு இது அதிக வேகம்” என்று கேட்கும்போது, எது அதிகம் என்று யார் முடிவு செய்தது என்ற கேள்வி எழத்தான் செய்யும். சட்டத்தின் நோக்கம் நல்லது. நேரான ரயில் பாதையில் 50 மைல் ஆபத்தில்லாமல் இருக்கலாம். மேடு ஏறி மறுபக்கம் தெரியாத காட்டுத் தடத்தில் 25கூட அதிகம். ஒரே எண்ணை எழுதி வைத்தால் இரண்டு இடத்துக்கும் பொருந்தாது. ஆனால் எண் இல்லாத இடத்தில் வார்டனின் கணிப்பே சட்டமாகிவிடுகிறது. கணிப்பு ஆளுக்கு ஆள் மாறுபடும். ஒருவர் எச்சரித்து விடுகிறார், இன்னொருவர் சீட்டு எழுதுகிறார். ஒரு சீசனில் இப்படி இரண்டு அனுபவம் பெற்றவர், எழுதியது சட்டமா ஆளின் மனநிலையா என்று சந்தேகப்படுவதில் வியப்பில்லை.

இதற்கு அடுத்தது, காரணமே இல்லாமல் நிறுத்துவது. சாலையில் போகும் காரை எந்தச் சந்தேகமும் இல்லாமல் உரிமம் பார்ப்பதற்காக மட்டும் போலீஸ் நிறுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979இல் டெலவேர் வழக்கில் சொன்னது. குடித்து ஓட்டுவோரைப் பிடிக்க எல்லா வண்டியையும் ஒரே முறையில் நிறுத்தும் சோதனைச் சாவடி செல்லும் என்று 1990இல் மிச்சிகன் வழக்கில் சொன்னது. வேலியும் தடுப்புப் பலகையும் இருந்தாலும் வீட்டை ஒட்டாத காட்டு நிலத்துக்குள் அதிகாரி நுழைவதை அரசியலமைப்பு தடுக்கவில்லை என்று 1984இல் அதே நீதிமன்றம் சேர்த்து விசாரித்துத் தீர்த்த இரண்டு வழக்குகளில் ஒன்று மேய்னிலிருந்தே போனது. காருக்கு வகுத்த கோட்டைக் காட்டு வண்டிக்கு எங்கே போடுவது என்று மாநிலங்களில் சட்டமன்றங்களும் நீதிமன்றங்களும் வாதிட்டு வந்திருக்கின்றன. அந்தக் கோடு எங்கே விழுந்தாலும் என் நிலைப்பாடு இதுதான்: ஸ்டிக்கரைப் பார்க்க மட்டும் ஒரு குடும்பத்தைப் பனியில் நிறுத்தி வைப்பதால் யாருக்கும் பாதுகாப்பு கூடுவதில்லை. தடத்தின் தொடக்கத்தில், வண்டிகளை டிரெய்லரிலிருந்து இறக்கும் மைதானத்தில், எஞ்சின் அணைந்திருக்கும்போதே அதைப் பார்த்துவிடலாம்.

வார்டன்கள் பக்கம் நான் தயக்கமில்லாமல் நிற்கும் இடமும் உண்டு. அது சத்தம். 1975 பிப்ரவரிக்குப் பிறகு தயாரித்துச் சான்று பெற்ற ஸ்னோமொபைல் முழு வேகத்தில் ஓடினாலும் 50 அடி தூரத்தில் 78 டெசிபலைத் தாண்டக் கூடாது. கம்பெனியிலிருந்து வரும் வண்டி இந்த அளவுக்குள்தான் வருகிறது. அதன் சைலன்சரைக் கழற்றிவிட்டு, எடை குறையும், சக்தி கூடும் என்று சொல்லிப் பந்தயத்துக்கான குழாயை மாட்டுகிறவர்களால்தான் சிக்கல். ஒரு வண்டி காலை எட்டு மணிக்குப் பத்து நிலங்களைத் தாண்டிப் போனால் பத்து உரிமையாளர்களும் அதைக் கேட்டுவிடுகிறார்கள். கூட வரும் ஒன்பது அமைதியான வண்டிகள் யார் காதிலும் விழுவதில்லை. கியூபெக்கில் ஒரு பழைய ரயில் பாதையில் போன ஸ்னோமொபைல் தடத்தை எதிர்த்து இருபுறமும் குடியிருந்தவர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2004இல் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்கச் சொன்னது. அதன் அதிர்ச்சியில் அந்த மாகாணமே தன் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. அந்தக் குழாய்க்கு எழுதப்படும் அபராதச் சீட்டு ஓட்டுகிறவர்களின் நலனுக்கே எழுதப்படுகிறது. இதில் எச்சரிக்கை போதாது.

குடியும் கண்மூடித்தனமான வேகமும் அப்படியே. இன்றைய வண்டிகள் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டக்கூடியவை. தடமோ இருவழி. ஒரு பக்கத்துக்கு ஒரு வண்டி போகும் அகலம்தான் பல இடங்களில். இரவில் முகப்பு விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் போகிறவருக்கு எதிரே குரூமர் வரலாம். பகலில் குதறிப் போன தடத்தை இழுத்து மட்டப்படுத்தும் பெரிய இயந்திரம் அது. பனி இறுக வேண்டும் என்பதால் இரவில்தான் அதற்கு வேலை. அதை ஓட்டுகிறவர் பெரும்பாலும் கிளப்பின் தன்னார்வலர். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு ஏறி விடியற்காலையில் இறங்குகிறவர். தன் பிழைப்புக்காக அல்லாமல் ஊருக்காக விழித்திருக்கும் அவர் மீது மோதக்கூடிய வேகத்தை உரிமை என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. குளிர்காலம் சுருங்குகிறது. 2023–24 குளிர்காலம் மேய்னில் மிக வெப்பமானவற்றில் ஒன்று; தெற்குப் பக்கத் தடங்கள் பல இடங்களில் உருப்படியாகத் திறக்கவே இல்லை. பனி இருக்கும் இடம் வடக்கே அரூஸ்டுக் கவுன்டியாகவும், பனி இருக்கும் நாள் விரல்விட்டு எண்ணும் சில வார இறுதிகளாகவும் குறுகும்போது எல்லோரும் அங்கேயே, அப்போதே குவிகிறார்கள். மாநிலம் முழுவதும் பரவியிருந்த கூட்டம் ஒரு மூலையில் சேர்கிறது. வார்டன்களும் அங்கேதான் போவார்கள். முன்பு ஐந்து ஆண்டில் ஒரு முறை நிறுத்தப்பட்டவர் இப்போது ஒரே சீசனில் இரண்டு முறை நிறுத்தப்பட்டால், வார்டன்கள் கெடுபிடி செய்கிறார்கள் என்றுதான் நினைப்பார். சட்டம் கடுமையாகாமலே கெடுபிடி கூடியதாகத் தோன்றும் நிலை இது. பொறுமை தேவைப்படும் காலத்தில் நெரிசல் அதைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

120 பேரால் 14,000 மைலைக் காக்க முடியாது. அவர்களை இரண்டு மடங்காக்கினாலும் முடியாது. ஆகவே காவலின் பெரும்பகுதி சீருடை இல்லாதவர்களிடம்தான் இருக்க வேண்டும். அதைச் செய்யக்கூடிய அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. மேய்னில் 270க்கு மேற்பட்ட ஸ்னோமொபைல் கிளப்புகள் உண்டு. 1968இல் தொடங்கிய மாநிலச் சங்கம் அவற்றை இணைக்கிறது. நில உரிமையாளரை நேரில் பார்த்து அனுமதி வாங்குவது, பாலம் போடுவது, பலகை நடுவது எல்லாம் கிளப்தான். பதிவுக் கட்டணத்தின் ஒரு பங்கு தட நிதியாக அவற்றுக்கு வருகிறது. இன்னொரு பங்கு வார்டன்கள் பணியாற்றும் மீன்வள, வனவிலங்குத் துறைக்குப் போகிறது. ஒரே பணப்பையிலிருந்து சாப்பிடும் இரண்டு தரப்பு ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்ப்பதில் எனக்கு வருத்தமே.

கிளப்புகள் ஒரு சங்கடமான வேலையை ஏற்க வேண்டியிருக்கிறது. எந்த வண்டியில் சைலன்சர் இல்லை, யார் மதிய உணவோடு நான்கு பியர் குடித்துவிட்டு ஏறுகிறார், யார் வயலுக்குள் புகுந்து குறுக்குவழி போகிறார் என்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். வார்டனுக்குத்தான் தெரியாது. நம் ஆள் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. வண்டியை விட்டு இறங்கியதும் தோளில் கைபோட்டு, “இந்தக் குழாயோடு எங்கள் கூட வராதே” என்று சொல்லும் தைரியம் போதும். சேர்ந்து ஓட்டுகிறவர்கள் சொன்னால் அதற்கு இருக்கும் வலு அபராதத்துக்குக் கிடையாது. வண்டி வாடகைக்கு விடும் கடைகளுக்கும் இதில் பங்கு உண்டு. முதல் முறை ஏறுகிறவருக்குப் பத்து நிமிடம் செலவழித்து, வலப்பக்கம் ஒட்டிப் போக வேண்டும், பலகை இல்லாத இடத்தில் நுழையக் கூடாது, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் ஹெல்மெட் போடாமல் ஓட்டக் கூடாது என்று சொல்லி அனுப்ப வேண்டும். பக்கத்து மாநிலத்தார் இலவசமாக வந்து ஓட்டும் பரஸ்பர வார இறுதி ஆண்டுதோறும் வருகிறது. அந்த நாளில் எல்லை ஊர்களில் இதைச் சொல்ல ஆள் நிற்க வேண்டும்.

வார்டன் பணிக்கும் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். சீசன் முடிந்ததும் எத்தனை வண்டி நிறுத்தப்பட்டது, எதற்காக, எத்தனை எச்சரிக்கை, எத்தனை சீட்டு, எந்த வட்டாரத்தில் என்று வெளியிடலாம். சத்தத்துக்கும் குடிக்கும் எழுதிய சீட்டுகள் அதிகமாகவும் ஸ்டிக்கருக்கு எழுதியவை குறைவாகவும் இருந்தால் அந்தப் பட்டியலே வாதத்தை முடித்துவிடும். தலைகீழாக இருந்தால் திருத்திக்கொள்ள வேண்டியவர்கள் யார் என்பதும் தெரியும். காகிதக் குறைக்கு முதல் முறை எச்சரிக்கை, அடுத்தவர் உயிரையும் அடுத்தவர் நிலத்தையும் தொடும் குற்றத்துக்கு முதல் முறையே சீட்டு என்று வட்டாரத்துக்கு வட்டாரம் மாறாத ஒரு வரிசை வேண்டும். வேகத்துக்குச் சீட்டு எழுதும்போது, இந்த வளைவில் எத்தனை அடி பார்வை கிடைக்கிறது, அந்த வேகத்தில் வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று இடத்தைக் காட்டி ஒரு நிமிடம் சொல்லலாம். சொன்னால் கோபம் முழுக்கப் போகாது. கணிப்பு எங்கிருந்து வந்தது என்பதாவது புரியும். ஆண்டுக்கு ஓர் இரவாவது வார்டன் குரூமரில் ஏறிக் கூடப் போய்ப் பார்ப்பதும் நல்லது. தடத்தின் எந்த இடம் ஆபத்து என்று அந்த ஓட்டுநருக்குத் தெரிந்த அளவு எந்த ரேடாருக்கும் தெரியாது.

நில உரிமையாளரை இந்தப் பேச்சில் யாரும் கேட்பதே இல்லை. ஓட்டுகிறவரும் வார்டனும் அவர் பெயரைச் சொல்லியே வாதிடுகிறார்கள். அவரோ வீட்டில் இருக்கிறார். பல கிளப்புகள் ஆண்டுக்கு ஒரு முறை உரிமையாளர்களை அழைத்து விருந்து வைத்து நன்றி சொல்கின்றன. நல்ல வழக்கம். அந்த மேசையிலேயே, போன குளிர்காலத்தில் உங்களுக்கு என்ன தொந்தரவு வந்தது, யாரிடம் சொன்னீர்கள், சொன்ன பிறகு என்ன நடந்தது என்றும் கேட்க வேண்டும்.

செப்டம்பர், அக்டோபரில் இலை உதிரும்போது கிளப் கூட்டங்கள் மறுபடி தொடங்கும். பனி விழாத, யாருக்கும் கோபம் இல்லாத காலம் அது. அந்தக் கூட்டங்களில் ஒன்றை ஒவ்வொரு வட்டாரமும் எல்லாத் தரப்புக்கும் ஒதுக்கலாம். முதலில் உரிமையாளர்கள் பேசட்டும், பிறகு குரூமர் ஓட்டுகிறவர்கள், பிறகு வார்டன். கடைசியில் ஓட்டுகிறவர்கள் தங்கள் குறையைச் சொல்லட்டும். எந்த இரண்டு மைதானங்களில் சோதனை நடக்கும், எந்த வளைவுகளில் வேகம் குறைக்கும் பலகை வைப்பது, எந்த நிலத்தை ஒட்டி இரவு பத்து மணிக்கு மேல் வண்டி போகக் கூடாது, புகார் வந்தால் எத்தனை நாளுக்குள் கிளப் உரிமையாளரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று நான்கு விஷயங்களைத் தீர்மானித்து எழுதி, வரைபடத்தோடு சேர்த்து எரிபொருள் நிலையங்களிலும் உணவகங்களிலும் ஒட்டலாம். முதல் பனி டிசம்பரில்தான் தங்கும். அதற்குள் இந்த ஒரு கூட்டத்தை நடத்த நேரம் இருக்கிறது.